மறதியும் பொறுப்பும்: யப்பானிய சமூகத்தில் முதுமைத் தடுமாற்றம் பற்றிய நோக்கின் வரலாறு

முதுமையில் நினைவு தடுமாறி, பெற்ற பிள்ளையை இன்னாரென அறியாது, தமது வீட்டிலேயே நின்றுகொண்டு ‘வீட்டுக்குப் போகவேண்டும்’ என்று அடம்பிடிப்போரை யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கு ‘அறளை பெயர்ந்தவர்’ என்று குறிப்பிடும். அத்தொடரில் சிறிது ஏளனமும் சிறிது பரிவும் உண்டு. நோய் என்ற எண்ணம் மட்டும் இல்லை. யப்பானிய மொழியிலும் இதற்கு நேரான பழஞ்சொற்கள் உள. ‘மோரொக்கு’ என்பது ஒன்று. ‘பொக்கே’ என்பது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் இவற்றினிடத்தில் ‘சிஹோ’ என்ற கலைச்சொல்லை வைத்தனர். 2004ஆம் ஆண்டில் அரசு அச்சொல்லையும் நீக்கி ‘நிஞ்சிஷோ’ என்பதை வழக்குக்குக் கொணர்ந்தது. ஏளனத்திலிருந்து விஞ்ஞானத்திற்கும், விஞ்ஞானத்திலிருந்து மானிட மதிப்பிற்கும் சென்ற ஒரு வளர்ச்சிப் பாதையாக இச்சொல் வரலாற்றைக் கூறுவோர் பலர். அது பொய்யன்று. ஆயினும் அது வரலாற்றின் மேற்பரப்பே என்பது எமது கருத்து. சொற்கள் மாறிக்கொண்டிருந்த அந்த நூறாண்டுக் காலத்தில் மாறாது நின்ற வினா ஒன்று உண்டு: தன்னையறியாத ஒருவரின் செயலுக்குப் பொறுப்புக் கூற வேண்டியவர் யார்? 1900ஆம் ஆண்டு முதல் இதற்கு யப்பானிய அரசு அளித்து வந்த விடை ‘குடும்பம்’ என்பதாகும். குடும்பத்துள் அது யார் தோளில் விழுந்தது என்பதைச் சட்டம் சொல்லவில்லை, வழக்கம் சொல்லிற்று.

யப்பானைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. 65 வயதுக்கு மேற்பட்டோர் 1970ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சனத்தொகையில் 7 சதவீதமாயிருந்தனர். 1994இல் 14 சதவீதமாயினர். பிரான்சு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்திற் கண்ட மாற்றத்தை யப்பான் 24 ஆண்டுகளிற் கண்டது. ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றமாதலின், கருத்துகளுக்கும் அவற்றைத் தாங்கிய சமூக உறவுகளுக்கும் இடையிலான இழுபறியை அங்கே தெளிவாகக் காணலாம்.

தொடங்குமுன் ஒரு மயக்கத்தை அகற்றுதல் நன்று. கீழைத்தேயக் குடும்பம் முதியோரைத் தெய்வமாகப் போற்றியது என்றும், மேலைத் தாக்கமே அதனைக் குலைத்தது என்றும் கூறுவது எங்கும் வழக்கமாகிவிட்டது. யப்பானிய நாட்டார் மரபிலோ, முதியவளை மகன் முதுகிற் சுமந்து சென்று மலையில் விட்டுவரும் கதை நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. ஃபுகசவா ஷிச்சிரோ 1956இல் எழுதிய ‘நரயாமா’ கதை அதனை நவீன இலக்கியத்திற்குக் கொணர்ந்தது. இமாமுரா ஷோஹெய் அதைத் தழுவி எடுத்த திரைப்படம் 1983இல் கான் விழாவின் தலையாய விருதைப் பெற்றது. அத்தகைய வழக்கம் உண்மையில் நிலவியமைக்கு நம்பத்தகுந்த வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால், வறிய உழவர் சமூகம் ஒன்று, உண்ணும் வாய்களையும் உழைக்கும் கைகளையும் எண்ணிப் பார்த்தது என்பதற்கு அக்கதையே சான்றாகும். பக்தியும் கணக்கும் ஒரே வீட்டிற் குடியிருந்தன.

நவீன அரசு இக்குடும்பத்தை அப்படியே எடுத்துச் சட்டமாக்கியது. 1898இல் நடைமுறைக்கு வந்த மெய்ஜிக் குடியியற் சட்டம் ‘இயே’ எனப்படும் மனையைச் சமூகத்தின் அலகாகவும் மனைத்தலைவனை அதன் அதிகாரியாகவும் நிறுவிற்று. மனைக்குள் மணமாகி வரும் பெண் ‘யொமே’. கணவனின் பெற்றோரைப் பேணுதல் அவளது கடன். இரண்டாண்டுகளின் பின், 1900இல், மனநோயாளர் காவற் சட்டம் இயற்றப்பட்டது. முதியோரை நோக்கி இயற்றப்பட்ட சட்டமன்று அது. எனினும் எமது பொருளுக்கு அதுவே தோற்றுவாய். மனநோயாளர் ஒவ்வொருவருக்கும் குடும்பத்திலிருந்து ஒரு காவற் பொறுப்பாளர் இருத்தல் வேண்டும் என்றும், அவர் அதிகாரிகளின் அனுமதியுடன் நோயாளரை வீட்டிலேயே அறையொன்றில் அடைத்து வைக்கலாம் என்றும் அச்சட்டம் விதித்தது. போதிய வைத்தியசாலைகளைக் கட்டாத அரசு, வீடுகளைச் சிறைகளாகவும் உறவினரைக் காவலராகவும் ஆக்கிற்று எனலாம்.

டோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குரே ஷூசோ, தம் உதவியாளர்களை 1910 முதல் 1916 வரை நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பி இவ்வறைகளை ஆராய்வித்தார். 300இற்கு மேற்பட்ட அடைப்பறைகள் பற்றிய அவ்வறிக்கை, கஷிடா கொரோவுடன் இணைந்து 1918இல் வெளியிடப்பட்டது. படங்களும் தரைவரைபுகளும் கொண்ட அவ்வறிக்கை, பழியைக் குடும்பங்களின் மீதன்றி அரசின் மீதே சுமத்திற்று. இதே குரேதான், ‘பித்து’ என்னும் பொருள்படும் எழுத்து நோயாளரை இழிவுபடுத்துகிறது என்று கருதி, டிமென்சியாவுக்கு ‘சிஹோ’ என்ற சொல்லை முன்மொழிந்தவரும் ஆவார். அச்சொல்லின் ஈரெழுத்துகளும் மடமையையும் திகைப்பையும் குறிப்பன என்பதால், அவருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின், அதே இழிவைக் காரணங்காட்டி அச்சொல்லும் நீக்கப்பட்டது. சொல்லைக் கழுவி எடுப்பதால் மட்டும் அழுக்கு நீங்குவதில்லைப் போலும்.

போரின் தோல்விக்குப் பின் 1947இல் குடியியற் சட்டம் திருத்தப்பட்டு ‘இயே’ முறை சட்டத்திலிருந்து ஒழிந்தது. 1950இன் மனச் சுகாதாரச் சட்டம் வீட்டு அடைப்பைத் தடைசெய்தது. ஆயினும் காவற் பொறுப்பாளர் மறையவில்லை. வேறு பெயருடன் நோயாளரின் பாதுகாவலராகத் தொடர்ந்தார். மருமகளும் மறையவில்லை. புதிய சட்டத்தின்படி அவள் சமத்துவமுடைய பிரசை. மாமன் மாமியாரின் சொத்தில் அவளுக்குப் பங்கில்லை. அவர்களது படுக்கையில் மட்டும் பங்கு இருந்தது.

1963இல் முதியோர் நலன்புரிச் சட்டம் இயற்றப்பட்டு, இடையறாத பராமரிப்பு வேண்டியோருக்கான சிறப்பு இல்லங்கள் தோன்றலாயின. எனினும் உடல் தளர்ந்து படுத்த படுக்கையாய்க் கிடந்தவரையே அக்காலத்து நிருவாகம் ‘முதியோர் பிரச்சினை’ எனக் கருதிற்று. நடமாடக் கூடியவராயிருந்து மனம் தடுமாறியவர் அக்கணக்கிற் பெரும்பாலும் சேரவில்லை. அவர் அலைந்து திரிவார், இரவில் கூக்குரலிடுவார், அவரை ஏற்கும் இடம் அரிது.

இந்நிலையைப் பொதுமக்களின் கண்முன் நிறுத்தியது ஓர் ஆய்வறிக்கையன்று, ஒரு நாவல். அரியோஷி சவாக்கோ எழுதி 1972இல் வெளிவந்த ‘கோகொட்சு நொ ஹிதோ’ 10 இலட்சத்திற்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகி, அடுத்த ஆண்டே திரைப்படமாகவும் வந்தது. கதை எளியது. சட்டத்தரணி அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தாளராகப் பணிபுரியும் அக்கிக்கோவின் மாமியார் திடீரென இறக்கிறார். அதுவரை அம்மாமியாரின் உழைப்பால் மறைக்கப்பட்டிருந்த உண்மை அப்போதுதான் வெளிப்படுகிறது: மாமனார் ஷிகெஸோ நெடுநாளாகவே தடுமாறியிருக்கிறார். சொந்த மகனையே அவர் கள்வன் என எண்ணி அஞ்சுகிறார். முன்னர் தாம் வதைத்து வந்த மருமகளை மட்டும் அடையாளங்கண்டு, அவளை விட்டு அகலாது பின்தொடர்கிறார். கணவனோ தந்தையின் கோலத்தில் தனது எதிர்காலத்தைக் கண்டு மிரண்டு ஒதுங்கிவிடுகிறான். அக்கிக்கோ முழுநேர வேலையைக் கைவிடுகிறாள். உதவி நாடிய இடத்தில், மனநோய் வைத்தியசாலை தவிர வேறு வழியில்லை என்ற விடையே அவளுக்குக் கிடைக்கிறது.

இந்நாவலின் வன்மை, நோயை வருணித்ததில் மட்டும் இல்லை. நோய் ஒரு வீட்டின் உழைப்புப் பங்கீட்டை எவ்வாறு வெளிச்சமிட்டுக் காட்டுகிறது என்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தார். மாமியார் உயிருடன் இருந்தவரை நோய் இல்லை. அவள் இறந்தபின்பே நோய் ‘தோன்றுகிறது’. ஊதியமற்ற உழைப்பு நிற்கும் கணத்திலேயே அது உழைப்பென்று அறியப்படுகிறது. எனினும் நாவலின் முடிவில் எமக்கு உடன்பாடில்லை. அக்கிக்கோ தன் மனத்தை மாற்றிக்கொண்டு, மாமனாரை இயன்றவரை வாழவைப்பதெனத் துணிகிறாள், அத்துணிவே தீர்வாகிவிடுகிறது. சமூகத்தின் முன் வைக்கப்பட்ட வினாவுக்கு ஒரு தனிப்பெண்ணின் உளப்பக்குவம் விடையாக்கப்படுகிறது. இலட்சக்கணக்கான வாசகியர் அந்நூலை வாங்கியது அவ்விடைக்காகவா, வினாவுக்காகவா என்பது ஆராயத்தக்கது. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கின் வினாவுக்காகவே என்று எண்ணத் தோன்றுகிறது.

டோக்கியோ மாநகரம் 1969இல் தொடங்கிய இலவச முதியோர் மருத்துவம், 1973 சனவரியில் 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டினை ‘நலன்புரியின் முதலாண்டு’ என்று அழைத்தனர். அதே ஆண்டின் பிற்பகுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. மருத்துவம் இலவசம், பராமரிப்பு இல்லை என்ற முரண்பாட்டினால், வைத்தியம் தேவைப்படாத முதியோரும் ஆண்டுக்கணக்கில் வைத்தியசாலைக் கட்டில்களில் தங்கலாயினர். கட்டிலுடன் பிணைக்கப்பட்டோரும் மருந்தினால் மயக்கி வைக்கப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். 1983இல் நடைமுறைக்கு வந்த முதியோர் சுகாதாரச் சட்டம் இலவசத்தை நிறுத்தி, நோயாளரிடம் மீண்டும் ஒரு கட்டணத்தை அறவிட்டது.

அரசின் சிந்தனை எத்திசையிற் சென்றது என்பதை 1978ஆம் ஆண்டின் சுகாதார நலன்புரி வெள்ளை அறிக்கை ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. முதியோர் பிள்ளைகளுடன் கூடி வாழும் வழக்கத்தை அது நலன்புரித் துறையின் ‘மறைந்திருக்கும் சொத்து’ என வருணித்தது. கணக்கேட்டிற் பதியப்படாத, ஆனால் வேண்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய செல்வத்தைக் குறிக்கும் வணிகச் சொல் அது. கலாசாரம் எனப் போற்றப்பட்டது எதுவோ, அது கணக்காளரின் மொழியில் மூலதனமாயிற்று. அடுத்த ஆண்டின் பொருளாதாரத் திட்டம் ‘யப்பானியப் பாணி நலன்புரிச் சமூகம்’ என்ற சுலோகத்தை முன்வைத்தது. மேற்கு ஐரோப்பாவைப் போன்று அரசு செலவிட வேண்டியதில்லை. எமக்குக் குடும்பம் இருக்கிறது என்பதே அதன் சாரம். முதலாளித்துவ வளர்ச்சி கூட்டுக் குடும்பத்தைச் சிதைத்து நகரத்துச் சிறுவீடுகளில் குடியேற்றிய அதே வேளையில், அக்குடும்பத்தின் மீதே சுமை ஏற்றப்பட்டமை நோக்கற்பாலது.

மறைந்திருந்த ‘சொத்து’ பேசத் தொடங்கியது. 1980 சனவரியில் கியோட்டோ நகரில், ‘பொக்கே’ முதியோரைப் பராமரிக்கும் குடும்பத்தினரின் சங்கம் உருவாயிற்று. மருத்துவரின் சொல்லை விடுத்து, வீட்டில் வழங்கிய இழிசொல்லையே தம் பெயரில் ஏற்றுக்கொண்டனர் அவர்கள். மறைக்க வேண்டிய வெட்கம் அன்று இது என அறிவிப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. 1983இல் ஹிகுச்சி கெய்க்கோ முதலியோர் முதுமைச் சமூகத்தைச் சீர்செய்வதற்கான பெண்கள் இயக்கத்தைத் தொடங்கினர். பராமரிப்பை அன்பின் பெயரால் அன்றி உழைப்பின் பெயரால் ஆராய்ந்து, அதனைச் சமூகமே ஏற்க வேண்டுமென அவ்வியக்கம் வாதாடிற்று.

இக்காலத்து மருத்துவம் பற்றியும் ஒரு சொல். உளமருத்துவர் ஹசெகாவா கசுவோ 1974இல் வெளியிட்ட எளிய வினாக்கொத்து, மறதியை அளவிடும் கருவியாக நாடெங்கும் பரவியது. வயது என்ன, இன்று எத்திகதி, நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு என்பன அதன் வினாக்கள். முதற் பதிப்பில் பிரதம மந்திரியின் பெயரும் போர் முடிந்த காலமும் கூட வினவப்பட்டன. 1991இன் திருத்தத்தில் அவை நீக்கப்பட்டன. யாரை ஆள்வோர் என அறியாதவர் தன்னறிவு இழந்தவர் என்று கொள்வதாயின், எம்முட் பலரின் நிலை என்னாகும்! அதே ஹசெகாவா 2017இல் தமக்கும் மறதிநோய் வந்துவிட்டதைப் பகிரங்கமாக அறிவித்து, 2021இல் மறையும்வரை நோயாளராக நின்று பேசினார். ஆராயப்படும் பொருளாயிருந்தவர் ஆராய்வோருடன் பேசும் காலம் வந்தமைக்கு அவரது வாழ்வே எடுத்துக்காட்டு.

பெண்கள் இயக்கத்தின் கோரிக்கையும் வைத்தியசாலைச் செலவு பற்றிய அரசின் அச்சமும் ஒரு புள்ளியிற் சந்தித்ததன் விளைவே, 1997 டிசம்பரில் நிறைவேறி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்புறுதிச் சட்டமாகும். 40 வயதடைந்தோர் யாவரும் தவணைப்பணம் செலுத்துவர். செலவிற் பாதியை வரிப்பணம் ஈடுசெய்யும். பராமரிப்புத் தேவை அளவிடப்பட்டு, பகல்நேர நிலையம், வீட்டுக்கு வரும் பணியாளர், இல்லத்தில் இடம் என்பன உரிமையாகக் கிடைக்கும். பயனாளர் தொடக்கத்தில் பத்திலொரு பங்கைச் செலுத்தினர். 1999இல் ஆளுங்கட்சியின் கொள்கைப் பொறுப்பாளர் கமெய் ஷிசுக்கா, பெற்றோரைப் பிள்ளைகள் பேணும் அழகிய மரபினை இச்சட்டம் குலைக்கும் எனக் குரலெழுப்பினார். அதன் பயனாக முதியோரின் தவணைப்பணம் முதல் ஆறு மாதங்களுக்கு அறவிடப்படாது விடப்பட்டது. மரபைக் காக்க எழுந்தவரின் வாதம் தேர்தற் சலுகையில் முடிந்தது. அதே 2000ஆம் ஆண்டில், இலங்கைப் பாராளுமன்றம் மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, பெற்றோரைப் பராமரிக்கும் கடப்பாட்டினைப் பிள்ளைகள் மீது சட்டபூர்வமாக விதித்தது என்பதை ஈழத்து வாசகர் மனங்கொள்ளல் தகும். ஒரே ஆண்டில் ஆசியாவின் இரு தீவுகள் எதிரெதிர்த் திசைகளில் அடியெடுத்து வைத்தன.

2004 டிசம்பரில் பெயர்மாற்றம் நிகழ்ந்தது. ‘நிஞ்சிஷோ’ என்பதை எழுத்துப்படி பெயர்த்தால் ‘அறிகைக் குணங்குறி’ என்றே வரும். இழப்பு என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. அரசு நடத்திய கருத்துக் கணிப்பில் ‘அறிகைக் குறைபாடு’ என்ற பொருளுடைய சொல்லே கூடிய ஆதரவு பெற்றிருந்தும், அது உளவியலில் வேறு பொருளில் வழங்குகிறது என்று குழுவினர் அதனை விலக்கினர். உளவியலாளர் சிலர் புதுச்சொல்லின் சொற்புணர்ச்சியே பிழை என்றனர். எனினும் மக்கள் அதனை விரைவில் ஏற்றனர்.

புதிய பெயரும் புதிய காப்புறுதியும் வந்துவிட்டன. பழைய வினா எஞ்சியிருந்தது என்பதை 2007 டிசம்பர் 7ஆம் திகதி நிகழ்ந்த விபத்துக் காட்டிற்று. அயிச்சி மாகாணத்து ஓபு நகரில், மறதிநோயுற்ற 91 வயது முதியவர் ஒருவர் பகல்நேர நிலையத்திலிருந்து வீடு திரும்பியிருந்தார். 85 வயதான மனைவி, தாமும் பராமரிப்புத் தேவையுடையவரெனக் கணிக்கப்பட்டவர், அருகிலிருந்து சில நிமிடம் கண்ணயர்ந்தார். மாமனாரைப் பராமரிப்பதற்கென யொக்கோஹாமாவிலிருந்து வந்து அயலிற் குடியேறியிருந்த மூத்த மருமகள் வெளியே வேலையாயிருந்தார். அவ்விடைவேளையில் முதியவர் வெளியேறி, புகையிரதத்தில் ஏறி, அடுத்த தரிப்பிடத்தில் மேடையிலிருந்து தண்டவாளத்தில் இறங்கிப் புகையிரதம் மோதி இறந்தார். சேவைகள் தாமதமானமையால் ஏற்பட்ட நட்டத்துக்காக, மத்திய யப்பான் புகையிரதக் கம்பனி குடும்பத்தினரிடம் ஏறத்தாழ 72 இலட்சம் யென் கோரி வழக்குத் தொடுத்தது.

2013 ஆகத்தில் நகோயா மாவட்ட நீதிமன்றம் முழுத்தொகையையும் மனைவியும் மூத்த மகனும் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கண்ணயர்ந்தது மனைவியின் கவனயீனம்; வெளிவாயிலில் இருந்த உணர்கருவியை இயக்காது விட்டமை குடும்பத்தின் தவறு; தொலைவில் வாழ்ந்தும் பராமரிப்பு ஒழுங்குகளை நெறிப்படுத்திய மகன் நடைமுறைப் பொறுப்பாளர் என்பன அதன் நியாயங்கள். இதன் தருக்கத்தை ஊன்றி நோக்க வேண்டும். கூடிய அக்கறை காட்டியவரே கூடிய கடன்பட்டவராகிறார். எட்டிப் பாராத பிள்ளை தப்பிக்கொள்கிறார். 2014 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி மட்டும் பாதியைச் செலுத்த வேண்டுமென்றது. வாழ்க்கைத் துணை என்ற முறையிலும், மனநலச் சட்டத்தின் பாதுகாவலர் என்ற முறையிலும் அவருக்குக் கண்காணிப்புக் கடமை உண்டென்று அது கருதிற்று. 1900ஆம் ஆண்டின் காவற் பொறுப்பாளரை, 114 ஆண்டுகளின் பின் ஒரு மூதாட்டியின் உருவில் நீதிமன்றம் மீண்டும் கண்டெடுத்தது என்று கூறினால் அது மிகையாகாது.

2016 மார்ச் 1ஆம் திகதி நாட்டின் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பாதுகாவலரின் கண்காணிப்புக் கடமை 1999ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. உடன் வாழ்வதனால் மட்டும் மனைவி கண்காணிப்பாளர் ஆகிவிடுவதில்லை. நோயாளரை அலையாது தடுக்கும் வல்லமை அவருக்கு இருக்கவும் இல்லை. முற்போக்கான தீர்ப்பே. எனினும், குறித்த சூழ்நிலைகளில் ஒருவர் ‘கண்காணிப்பாளருக்கு ஒப்பானவர்’ ஆகக்கூடும் என்ற வாயிலை நீதிமன்றம் முற்றாக மூடவில்லை. குடும்பம் பொறுப்பன்று என்றால், நட்டத்தை யார் தாங்குவது என்ற வினாவும் அங்கே விடையின்றி நின்றது. அதற்கான முதல் விடைகள் உள்ளூராட்சி மன்றங்களிடமிருந்து வந்தன. 2017இல் யமாட்டோ நகரம், அலையக்கூடிய நோயாளருக்காகத் தானே காப்புறுதி எடுத்தது. கோபே நகரம் 2019இல் குடிமக்களின் வரியை ஆண்டுக்கு 400 யென்னால் உயர்த்தி, நோயறியும் சோதனைக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் அதனை ஒதுக்கிற்று. மறதிநோய் அடிப்படைச் சட்டம் 2023இல் நிறைவேறி 2024 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. நோயுற்றவரைக் கண்காணிக்கப்பட வேண்டிய பொருளாகவன்றி, உரிமையுடைய பிரசையாக அது விளிக்கிறது. மறுபுறம், மறதிநோய் காரணமாகக் காணாமற் போனோர் எனப் பொலிசாருக்கு அறிவிக்கப்பட்டோர் தொகை 2012இல் ஏறத்தாழ 9,600, 2023இல் 19,000. பராமரிப்பின் பொருட்டு வேலையை விட்டு நீங்குவோர் இன்னும் ஆண்டுக்கு 1 இலட்சம் அளவினர்; அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள்.

ஓபு நகரத்து மருமகளைப் பற்றி ஒன்று எஞ்சியுள்ளது. மூன்று நீதிமன்றங்களும் நிறுத்துப் பார்த்தவை மனைவியின் கடப்பாடும் மகனின் கடப்பாடுமே. நாளும் உணவூட்டி, உடைமாற்றி, உடன் நடந்தவர் அவராயினும், அவ்வுழைப்பு அவருக்கு எவ்வுரிமையையும் தந்திருக்கவில்லை. 2018இல் மரபுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 2019 யூலை முதல், உரித்தாளரல்லாத உறவினர் ஒருவர் இறந்தவரை ஊதியமின்றிப் பராமரித்திருப்பின் அதற்கீடாக உரித்தாளரிடமிருந்து பணம் கோரலாம் என்ற ஏற்பாடு வந்தது. அக்கோரிக்கையை, மரணத்தையும் உரித்தாளர் இன்னாரென்பதையும் அறிந்து ஆறு மாதங்களுக்குள் அவர் குடும்ப நீதிமன்றத்தின் முன் வைத்தல் வேண்டும்.